ஒரே வசனம், பல விளக்கம்: எல்லையோரக் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் களியக்காவிளையிலிருந்து பாறசாலை வரை நடந்து பாருங்கள். முதலில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில் மணி கேட்கும். அடுத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபையின் ஞானப்பாட்டு, அதைத் தாண்டினால் சுரியானி மரபைச் சேர்ந்த மலங்கரைக்காரரின் கோயிலில் குர்பானா எனும் திருப்பலி, இரட்சணிய சேனையின் டிரம், ஷீட் போட்ட ஹாலில் பெந்தெகொஸ்தே சபையின் கைத்தட்டு. போகிறவர் எல்லார் கக்கத்திலும் ஒரு வேதாகமம் இருக்கும். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்து எடுக்கிறவர்கள் நாங்கள். என் அம்மை பிறந்தது குழித்துறைப் பக்கத்து ஆர்.சி. வீட்டில். நான் வளர்ந்தது சி.எஸ்.ஐ.யில். கொழுந்தனார் பெந்தெகொஸ்தே. மகளைக் கொடுத்த வீடு மலங்கரை கத்தோலிக்கர்.

முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். அங்கேயும், கல்யாண வீட்டிலும், துக்க வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேதம் ஒன்றுதானே, பிறகு எப்படி இத்தனை சபை?

வேதம் ஒன்று என்பதே முழுக்கச் சரியில்லை. எங்கள் சி.எஸ்.ஐ. வேதாகமத்தில் 66 புத்தகம். கத்தோலிக்கரிடம் 73. மலங்கரைச் சபைகளின் முன்னோர் கையில் இருந்த சுரியானி வேதமான பெஷீத்தாவில், ஆதியில் புதிய ஏற்பாட்டுக்கு 22 புத்தகந்தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் ஐந்தும் அதில் இல்லை, பின்னால் சேர்ந்தவை.

புத்தகம் ஒன்றாகவே இருக்கும் இடத்திலும் வாசிப்பு பிரிகிறது. காரணத்தை நான் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன்: "மக்களே, எந்த வசனத்தை எந்த வசனத்துக்குத் தலையாய் வைக்கிறோம் என்று பாருங்க." இரண்டு வசனம் ஒன்றோடொன்று முட்டினால், ஒன்றை நேராக எடுத்து மற்றதை அதற்கு ஏற்றபடி விளக்குவார்கள். எதை நேராக எடுப்பது என்பதில்தான் சபைக்குச் சபை வேறுபாடு. வெளியே இருந்து பார்ப்பவருக்கு, ஒருவர் வேதத்தை மதிக்கிறார், இன்னொருவர் மதிக்கவில்லை என்று தோன்றும். நான் பார்த்தவரை அப்படி இல்லை. எல்லாரும் மதித்துத்தான் வாசிக்கிறார்கள்.

இந்தச் சிரமம் புதிதும் இல்லை. பவுலின் நிருபங்களைப் பற்றி 2 பேதுருவின் கடைசி அதிகாரமே "சில காரியங்கள் அறிகிறதற்கு அரிதாயிருக்கிறது" என்கிறது. அப்போஸ்தலர் காலத்திலேயே விருத்தசேதனம் வேண்டுமா வேண்டாமா என்று எருசலேமில் கூடிப் பேசியிருக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதி அந்தப் பேச்சுதான்.

அந்த ஏழு புத்தகத்தைக் கத்தோலிக்கர் சேர்த்தார்களா, நாம் எடுத்துப் போட்டோமா?

இதற்கு முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அம்மை கல்யாணத்துக்குப் பிறகு சி.எஸ்.ஐ. ஆராதனைக்கு வந்தாள். ஆனால் தலையணைக்கு அடியில் இருந்தது அவளுடைய திருவிவிலியம். அவள் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் வைத்தோம். முற்றத்தில் கொழுந்தனார் என்னைத் தனியே கூப்பிட்டு, "மரிச்சவங்களுக்கு ஜெபம் பண்ணணும்னு வேதத்துல எங்க கெடக்கு மைனி?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. மெய்யாகவே மனசு கேட்காமல் கேட்டார். நான் உள்ளே போய் அம்மையின் விவிலியத்தை எடுத்து வந்தேன். அட்டை பிய்ந்து, பழைய சேலைக் கரையால் கட்டியிருந்தது. மக்கபேயர் இரண்டாம் நூல், 12-ஆம் அதிகாரத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தாள். போரில் மாண்டவர்களுக்காக யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பும் இடம். பென்சிலால் கோடு. கொழுந்தனார் நின்றபடியே வாசித்தார். பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இந்தப் புஸ்தகம் எங்க வேதத்துல இல்லையே மைனி" என்றார்.

பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அம்மை தன் வேதத்தில் இருப்பதைத்தான் செய்தாள். அவர் தன் வேதத்தில் இல்லாததைக் கேட்டார்.

இனி சரித்திரம். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள், கூடவே எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகள்: இவை யூதர்களின் எபிரேயத் தொகுப்பில் இல்லை, கிறிஸ்துவுக்கு முன்பே தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் உண்டு. ஆதிச் சபை பெரும்பாலும் கிரேக்கத்தில் வாசித்ததால் இவையும் கூடவே வந்தன. லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமே எபிரேயத்தில் உள்ளவைக்கு மேலிடம் தந்தார். ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் 1534-ல் அச்சிட்ட முழு வேதாகமத்தில் இவற்றை நீக்கவில்லை. இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவே தனியாக வைத்து, வேதத்துக்குச் சமம் அல்ல, ஆனாலும் வாசிக்க நல்லவை என்று எழுதினார். 1546-ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் இவை வேதமே என்று உறுதி சொன்னது. பிரிட்டனின் வேதாகமச் சங்கம் 1826-ல் இவை சேர்ந்த பிரதிகளைப் பரப்புவதில்லை என்று தீர்மானித்தது. எங்கள் தாத்தாமார் கைக்கு வந்த வேதாகமத்தில் இவை இல்லாமல் போனதற்கு இந்தத் தீர்மானத்துக்கும் பங்குண்டு. ஆகவே "சேர்த்தார்கள்", "எடுத்தார்கள்" என்ற இரண்டு வார்த்தையையும் நான் சொல்வதில்லை.

மரித்தோருக்கான ஜெபத்தை இந்த ஒரு நூல் மட்டும் தாங்கி நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒநேசிப்போருவுக்காகப் பவுல் வேண்டுவதை (2 தீமோத்தேயு 1) மலங்கரைக்காரரும் கத்தோலிக்கரும் காட்டுவார்கள். அவர் அப்போது உயிரோடு இல்லை என்பது அவர்கள் வாசிப்பு. நாங்களோ "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" என்ற எபிரெயர் 9-ஐத் தலையாய் வைப்போம்.

எங்கள் வீட்டில் தமிழ் வேதாகமமும் உண்டு, மலையாள வேதாகமமும் உண்டு. ஒத்து வரவில்லையே?

எல்லையில் இருப்பதற்குக் கிடைத்த வரம் இது. 23-ஆம் சங்கீதத்தை எடுங்கள். 1871-ல் முடிந்த நம் பழைய திருப்புதல் (தமிழ் மொழிபெயர்ப்பு) "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்கிறது. 1910-ல் வந்த மலையாள சத்தியவேதபுஸ்தகம் "யஹோவ என்றெ இடயனாகுன்னு" என்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-ல் வெளியான திருவிவிலியம் "ஆண்டவரே என் ஆயர்" என்கிறது. எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது கடவுளின் பெயரைக் குறிக்கும் நான்கு எழுத்து. யூதர் அதை உச்சரிக்காமல் "என் ஆண்டவர்" என்று வாசிப்பார்கள். மலையாளத்தார் பெயரைக் காத்தார்கள், தமிழில் வாய்வழக்கைக் காத்தார்கள். இரண்டிலும் பயபக்தி இருக்கிறது. பெயரைச் சொல்லியே கூப்பிட வேண்டும் என்றும், சொல்லக் கூடாது என்றும் சபைகள் மோதுவதற்கு வித்து இந்த இடத்தில்தான்.

இதைவிட என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. எபேசியர் 6:5-ஐ நம் பழைய திருப்புதலில் "வேலைக்காரரே" என்று வாசித்து வளர்ந்தேன். எஜமானுக்குக் கீழ்ப்படி, சோம்பாதே என்று அதை வைத்துப் பிரசங்கமும் கேட்டிருக்கிறேன். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் 'தூலோஸ்', அதாவது அடிமை. கலாத்தியர் 3:28-ல் அதே சொல் வருகிறது. அங்கே நம் தமிழே "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்கிறது. ஒரே சொல்லை ஓரிடத்தில் வேலைக்காரன் என்றும் மற்றோரிடத்தில் அடிமை என்றும் வாசித்தால், இரண்டு வசனமும் ஒன்றோடொன்று பேசுவது நம் காதில் விழாது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல். ஆளை ஆள் விலைக்கு வாங்கிய மண் இது. அந்த மண்ணில் இந்தச் சொல் எப்படி விழும் என்பதை மொழிபெயர்ப்பு மறைத்துவிட்டதே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

ஆகவே, வசனத்தை வைத்து வாக்குவாதம் வந்தால் இரண்டு மூன்று மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வையுங்கள். பாதி வாக்குவாதம் மொழிபெயர்ப்பில் போய் நிற்கும்.

திருவிருந்தின் அப்பம் மெய்யாகவே கிறிஸ்துவின் சரீரமா, அடையாளமா?

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பூர்க் கோட்டையில் லூதரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரர் சுவிங்கிலியும் இதற்காகவே சந்தித்தார்கள். லூதர் மேசையில் சுண்ணக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதிவைத்துவிட்டுப் பேச உட்கார்ந்தார். சுவிங்கிலி, அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லுக்கு 'குறிக்கிறது' என்று பொருள் என்றார். 'நானே வாசல்', 'நானே திராட்சச்செடி' என்று இயேசு சொன்னதை அவர் பக்கத்தார் காட்டுவார்கள். யோவான் 6-ல் "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்ற வசனமும் அவருக்குத் துணை. லூதர் அசையவில்லை. 15 விஷயத்தில் 14-ல் ஒத்துப்போனவர்கள், கடைசி ஒன்றில், அதாவது இந்த அப்பத்தில், பிரிந்தார்கள்.

தமிழ் பேசுகிற நாம் ஒன்றைக் கவனிக்கலாம். "இது என் வீடு" என்று சொல்ல நமக்கு நடுவே வினைச்சொல் தேவையில்லை. இயேசு பேசிய அரமாயிக்கிலும் அப்படித்தான். அந்த மேல்வீட்டறையில் அவர் வாயிலிருந்து வந்தபோது அந்தச் சொல் இருந்திருக்கத் தேவையில்லை. கிரேக்கத்தில் எழுதும்போது வந்தது. நம் பழைய திருப்புதல் அந்த வினையை விடக்கூடாது என்று "என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று இழுத்துச் சொல்கிறது. திருவிவிலியம் "இது எனது உடல்" என்று நிறுத்திவிடுகிறது. இதனால் வழக்கு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. "என் மாம்சம் மெய்யான போஜனமாயிருக்கிறது" என்று அதே யோவான் 6 சொல்கிறதே என்று கத்தோலிக்கர் கேட்பார்கள். அவர்கள் சபை 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கத்தில், அப்பத்தின் உள்ளுண்மையே மாறுகிறது என்று அறிக்கையிட்டது. லுத்தரன் சபையார், அப்பம் அப்பமாகவே இருக்க, அதோடு கிறிஸ்துவின் சரீரமும் மெய்யாக உண்டு என்பார்கள். எப்படி மாறுகிறது என்று மலங்கரைக்காரர் அளந்து பார்ப்பதில்லை. இரகசியம் என்று வணங்குவார்கள். பிரதரன் சபையில் நினைவுகூருதல், அவ்வளவே.

என் மனசைக் கேட்டால், ஒரு சொல்லுக்குள் எல்லாத்தையும் அடைக்கப் பார்த்ததுதான் அந்தக் கோட்டையில் நடந்த நஷ்டம் என்பேன். ஆனாலும் ஒரு பந்திக்காக அப்படி உருகிச் சண்டை போட்டார்களே, அந்த உருக்கத்தை நான் மதிக்கிறேன். இரட்சணிய சேனையார் 1883-லிருந்து திருவிருந்தும் வைப்பதில்லை, ஞானஸ்நானமும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சாப்பாடும் அவர் நினைவாகட்டும் என்பது அவர்கள் வாசிப்பு. அவர்கள் ஊழியம் நடந்த ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் பிழைத்தவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பம். அவர்களைக் கிறிஸ்தவர் இல்லை என்று யார் சொல்வது?

குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? பெரியவனான பிறகு மறுபடி முழுக வேண்டுமா?

எங்கள் பக்கத்தில் குடும்பம் பிரிகிற கேள்வி இது. குழித்துறை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் நிற்பதையும், கரையில் அவளுடைய அம்மை முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். 'நான் கொடுத்தது ஒன்றுமில்லாமல் போயிற்றா' என்பதுதான் அந்தத் தாயின் கண்ணீர்.

முழுக்கு ஞானஸ்நானக்காரர் தலையாய் வைப்பது மாற்கு 16:16: "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்." முதலில் விசுவாசம், பிறகு தண்ணீர், குழந்தை எப்படி விசுவாசிக்கும்? அப்போஸ்தலர் 8-ல் எத்தியோப்பிய மந்திரி தண்ணீருக்குள் இறங்குவதையும் காட்டுவார்கள். கிரேக்கச் சொல்லுக்கும் முழுக்குதல், தோய்த்தல் என்றே பொருள்.

குழந்தைக்குக் கொடுப்பவர்கள் காட்டுவது பிலிப்பி சிறைச்சாலைக்காரனை. அவனும் "அவனுடையவர்கள் அனைவரும்" அந்த இராத்திரியே பெற்றார்கள். அந்த அனைவரில் கைப்பிள்ளை இருந்திருக்காதா? "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்று பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் சொன்னாரே. எட்டாம் நாள் விருத்தசேதனத்தின் இடத்தில் ஞானஸ்நானம் வந்ததாகக் கொலோசெயர் 2-ஐ வாசிப்பார்கள்.

கைப்பிள்ளை இருந்தது என்றும் அந்த வசனம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வசனம் மௌனமாக இருக்கும் இடத்தில் நாம்தான் பேசுகிறோம். இதை ஒத்துக்கொண்டால் குரல் கொஞ்சம் தாழும். இன்னொன்று: மாற்கு 16-ன் 9 முதல் 20 வரை உள்ள வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளில், வத்திக்கான் பிரதியிலும் சீனாய்ப் பிரதியிலும், இல்லை. அதனால் அதைத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை; நம் வேதாகமத்தில் அது உண்டு. ஆனால் ஒரு மனுஷியின் அம்மையை அழவைக்க அந்த ஒரு வசனத்தை மட்டும் தூக்கக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு என்ற கேள்விக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 'திதகே' என்ற ஆதிச்சபை நூல் ஓடுகிற தண்ணீரில் கொடு என்கிறது. அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர். அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. அந்தத் தாராளம் எனக்குப் பிடித்தது.

பத்துக் கட்டளையின் எண் ஏன் மாறுகிறது?

ஒருமுறை கிறிஸ்துமஸ் காலத்தில் எல்லாச் சபைப் பிள்ளைகளுக்கும் வேத வினாடிவினா நடத்தினோம். "நாலாம் கட்டளை எது?" என்று கேட்டேன். ஓர் ஆர்.சி. பிள்ளை எழுந்து, தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்றாள். தப்பு என்று சொல்லி மார்க் கொடுக்கவில்லை. அவள் முகம் வாடி உட்கார்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவள் சொன்னது அவள் மறைக்கல்விப்படி சரி.

யாத்திராகமம் 20-ல் கட்டளைகளுக்கு எண் போட்டிருக்காது. வேறு தேவர்கள் வேண்டாம் என்பதையும் விக்கிரகம் வேண்டாம் என்பதையும் ஆதிச்சபைப் போதகர் அகுஸ்தினைப் பின்பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் ஒன்றாக எண்ணுவார்கள். பத்து வர வேண்டுமே, அதனால் கடைசி இச்சையை இரண்டாகப் பிரிப்பார்கள். நாங்களும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணுவோம். எண்ணில் ஒளித்து விக்கிரகக் கட்டளையை மறைத்துவிட்டார்கள் என்று சொல்வது அநியாயம். அந்த வசனம் அவர்கள் விவிலியத்தில் முழுசாக இருக்கிறது. சொரூபம் வைப்பது வேறு, அதை ஆராதிப்பது வேறு என்பது அவர்கள் விளக்கம். உடன்படிக்கைப் பெட்டியின் மேல் கேருபீன்களைச் செய்யச் சொன்னதும் அதே யாத்திராகமந்தானே என்று கேட்பார்கள்.

இயேசுவுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா?

மாற்கு 6-ல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நாலு பேர் வருகிறார்கள், சகோதரிகளும் உண்டு. எங்கள் சபைகளில் பெரும்பாலும் இயேசுவுக்குப் பின்னால் மரியாளிடம் பிறந்த பிள்ளைகள் என்று எடுப்பார்கள். ஆர்த்தடாக்ஸ் மரபு, யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்கிறது. கத்தோலிக்கர் ஜெரோமைப் பின்பற்றி, சித்தி பெரியம்மை பிள்ளைகள் என்பார்கள்.

"சகோதரன்னா சகோதரன்தானே?" என்று கேட்கிற பையனிடம் நான் திருப்பிக் கேட்பேன்: "உன் சித்தப்பா மகனை நீ என்னண்ணு கூப்பிடுவ?" அண்ணன் என்பான். நம் தமிழில் பெரியப்பா மகனும் அண்ணன், கூடப்பிறந்தவனும் அண்ணன். எபிரேய வழக்கும் அப்படியே. ஆபிரகாம் தன் சகோதரனின் மகன் லோத்தைச் சகோதரன் என்கிறார். ஆனால் கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரனுக்குத் தனிச் சொல் இருந்தும் சுவிசேஷகர் அதைப் போடவில்லை என்பது எங்கள் பக்கத்து வாதம். இரண்டுக்கும் கனம் உண்டு.

நகை போடக் கூடாது என்று வேதம் சொல்கிறதா?

என் உறவில் ஒரு பெண்ணைப் பெந்தெகொஸ்தே வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மேடைக்குப் போகும் முன்பு, செத்துப்போன பாட்டியின் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றித் தாயிடம் கொடுத்தாள். தாய் அதைக் கைலேஞ்சியில் முடிந்து, ஆராதனை முடியும் வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். தாலியும் கிடையாது. பெண்ணோ சந்தோஷமாகவே இருந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

1 பேதுரு 3:3 தலைமயிர் பின்னுவது, பொன்னாபரணம், "உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதல்" மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 'உயர்ந்த' என்பது மொழிபெயர்ப்பில் வந்தது. கிரேக்கத்தில் வெறுமனே வஸ்திரம் உடுத்துதல் என்றே இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் துணியும் உடுத்தக் கூடாது என்று ஆகிவிடும். ஆகவே எல்லாருமே இங்கே விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்: அழகை வெளியே தேடாதே, உள்ளே தேடு என்று. சடை பின்னுவதை விட்டுவிட்டுப் பொன்னை மட்டும் பிடிப்பது ஏன் என்று கேட்டால், பொன்னுக்காகப் பெண் வீடுகள் கடனில் மூழ்குவதைப் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு பாஸ்டர் என்னிடம் சொன்னார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் ரெபேக்காளுக்குக் காதணியும் கடகமும் கொடுத்ததை, கெட்ட குமாரன் விரலுக்குத் தகப்பன் மோதிரம் போட்டதை எங்கே வைப்பது?

அந்த வஸ்திரம் என்ற சொல்லில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். இந்த மண்ணில் மேலாடை போட்டதற்காக எங்கள் பாட்டிமார் அடிபட்டார்கள். தோள்சீலைக்காகப் பல பத்தாண்டு பொறுத்து 1859 ஜூலையில் அரச விளம்பரம் வந்தது; அதுகூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. எது அகந்தை, எது மானம் என்பதை உடுப்பவரைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்?

பெண்கள் சபையில் பேசலாமா?

"சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்பது 1 கொரிந்தியர் 14:34. அதே நிருபம் 11-ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபமோ தீர்க்கதரிசனமோ பண்ணும்போது தலையை மூட வேண்டும் என்கிறது. வாய் திறக்கவே கூடாது என்றால் முக்காடு எதற்கு? 14-ஆம் அதிகாரத்து வசனங்களைச் சில கையெழுத்துப் பிரதிகள் அதிகாரத்தின் முடிவில் வைத்திருக்கின்றன. ரோமர் 16-ல் பெபேயாள் சபையின் ஊழியக்காரி. எங்கள் தென்னிந்திய திருச்சபையில் 2013-ல் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்கு எகோனி புஷ்பலலிதா பேராயராக அபிஷேகம் பெற்றார்கள். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் பன்னிருவரில் பெண் இல்லை என்பதை வைத்துக் குருத்துவம் கொடுப்பதில்லை. நான் எந்தப் பக்கம் என்று மறைக்க மாட்டேன். முப்பது வருடம் பேசியவள் நான்.

ஆராதனை நாள் சனியா, ஞாயிறா?

நியாயப்பிரமாணத்தில் ஓய்வுநாள் ஏழாம் நாள், அட்வென்டிஸ்டு சபையார் அதைக் காக்கிறார்கள். உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், மற்றவர்கள் அதைக் காக்கிறோம். ரோமர் 14:5 "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறது. இதற்கு மேல் இதில் நான் மல்லுக்கு நிற்பதில்லை.

இரகசிய வருகை வேதத்தில் இருக்கிறதா?

1 தெசலோனிக்கேயர் 4-ல், உயிரோடிருக்கிறவர்கள் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று உண்டு. அது எல்லாரும் காணும் கடைசி வருகைக்கு முன்னால் தனியாக, இரகசியமாக நடக்கும் என்ற வரிசை 1830-களில் பிரதரன் சபையின் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவியது. 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதற்கு முந்தின பதினெட்டு நூற்றாண்டுச் சபை இதை ஒரு தனிக் கோட்பாடாக வைத்திருக்கவில்லை. அகுஸ்தின் ஆயிரம் வருட அரசாட்சியையே சபையின் காலமாக வாசித்தார். புதிது என்பதால் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விட்டுப்போய்விடுவோமோ என்று இராத்திரி தூங்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பவுல் அந்தப் பகுதியை முடிப்பது, இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று. தேற்றுவதற்கு எழுதியதைப் பயமுறுத்த எடுக்காதீர்கள்.

விசுவாசமா, கிரியையா?

ரோமர் 3:28-ல் லூதர் ஜெர்மனில் 'மாத்திரம்' என்று ஒரு சொல்லைக் கூட்டினார். நம் தமிழ் அதை ஓர் ஏகாரத்தில் செய்துவிட்டது: "விசுவாசத்தினாலேயே". யாக்கோபு 2:24 "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல" என்கிறது. இதற்காகச் சபை உடைந்து ஏறக்குறைய 500 வருடம். 1999 அக்டோபர் 31-ல் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும், கிருபையினால் விசுவாசத்தின் வழியே நீதிமானாக்கப்படுகிறோம், நற்கிரியைகள் அதன் கனி என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. பின்னால் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிரசங்க மேடைகளில் இந்தச் செய்தியை நான் கேட்டதே இல்லை. சொல்ல வேண்டிய செய்தி.

அப்படியானால் எல்லா விளக்கமும் சரி என்கிறீர்களா?

இல்லை. நோவாவின் சாபத்தை ஒரு சாதியின் தலையில் ஏற்றிய விளக்கம் பொய். ஆதியாகமம் 9-ல் சபிக்கப்பட்டது கானான்; உலகத்தில் வேறு எந்த ஜாதியும் அங்கே சபிக்கப்படவில்லை. அடிமையை அடிமையாகவே வைக்க எபேசியரை வாசித்தவர்கள், எஜமானை நோக்கி அடுத்து நாலாவது வசனத்தில் சொன்னதை வாசிக்கவில்லை. சாதி பார்த்துப் பாயைப் பிரித்துப் போட்ட சபைகள் நம் நாட்டில் இருந்தன. அந்தியோகியாவில் பேதுரு பந்தியை விட்டு விலகியபோது பவுல் முகத்துக்கு முகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2 சொல்கிறது. ஆளைத் தாழ்த்துவதற்காக எடுத்த விளக்கத்தை நான் விளக்கமாகவே ஏற்க மாட்டேன். தண்ணீரின் அளவிலும் கட்டளையின் எண்ணிலும் விட்டுக்கொடுப்பேன். இதில் இல்லை.

ஒரே வீட்டில் மூன்று சபை இருந்தால் குடும்ப ஜெபத்துக்கு எந்த வேதாகமம்?

எல்லாமும். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு உட்காருவோம். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், துண்டு வசனம் கிடையாது. நான் பழைய திருப்புதலில் வாசிப்பேன், மகள் வந்தால் அம்மையின் திருவிவிலியத்தில் வாசிப்பாள், பேரன் பள்ளியில் படிப்பது மலையாளம், அதனால் அவன் சத்தியவேதபுஸ்தகத்தில். சொல் வேறுபடும் இடத்தில் நிறுத்தி, ஏன் என்று பேசுவோம். கொழுந்தனார் தொடங்கும்போது ஒரு ஜெபம் பண்ணுவார், முடிக்கும்போது மகள் 'பரலோகத்தில் இருக்கிற' என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்வாள். வாக்குவாதம் உண்டென்றால் கஞ்சி குடித்த பிறகு.

இப்போது 1 கொரிந்தியர் வாசிக்கிறோம். போன வாரம் 13 முடிந்தது. இந்த வியாழன் 14-ஆம் அதிகாரம். மகள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.